சிவகாமியின் கைக்கு நான் செய்த சவர்க்காரம்

சிவகாமி பீலிக்குக் கீழே இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழுகிற தண்ணீர் அது. ஜனவரி மாதத்தில் விரல் நுனியை வைத்தாலே எலும்பு வரை குளிரும். அவளோ கையை எடுக்கவே இல்லை.

"எரியுதா?" என்றேன்.

"எரியுது."

"கொஞ்சமா, நெறையவா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வேணும்னா கழுவிப் பாருங்க, ரோஸக்கா" என்றாள்.

துவைக்கிற கல்லின் மேல் அந்தச் சவர்க்காரம் கிடந்தது. வெள்ளை வெளேரென்று, சதுரமாக வெட்டியது. நானே என் கையால் செய்து, நாலு வாரம் காயவைத்து, பழைய காலண்டர் தாளில் சுற்றி அன்று காலைதான் அவளிடம் கொடுத்திருந்தேன். கொடுக்கும்போது ஒரு சிறிய சொற்பொழிவும் ஆற்றினேன். கடைச் சவர்க்காரத்தை எல்லாம் இன்றோடு தூக்கிப் போடு என்றேன்.

ஏற்கெனவே வெடித்திருந்த அவளுடைய விரல் இடுக்குகள் வெந்தது போலச் சிவந்திருந்தன. ஒரு வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து தண்ணீரோடு போனது.

நான் வாயாடி என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்று என்ன சொன்னேன் தெரியுமா?

"எண்ண சரியில்ல போல" என்றேன்.

மலையா, கொழும்பா

சிவகாமிக்கும் எனக்கும் ஒரே வயது. இருந்தாலும் அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவள் அளவுக்கு வேகமாகக் கொழுந்து எடுத்தவர்கள் ரொம்பப் பேர் இல்லை. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தனியாகத்தான் இருக்கிறாள். வேலையிலிருந்து நிற்க அவளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் அவளுடைய கை வெடிக்கத் தொடங்கியது. காலைப் பனியில் நனைந்த கொழுந்து, செடியின் கூர் வாது, சாயங்காலம் உடுப்புத் துவைக்கிற காரச் சவர்க்காரம் எல்லாம் சேர்ந்து விரல்கள் காய்ந்த களிமண் போல ஆகிவிட்டன. ஆஸ்பத்திரியில் பூசுவதற்கு மருந்து கொடுத்தார்கள். காரமில்லாத சவர்க்காரம் போடுங்கள், இது ஆறாவிட்டால் மலை வேலையை விட வேண்டியிருக்கும் என்றும் சொல்லியனுப்பினார்கள்.

அதைக் கேள்விப்பட்ட மகன் தினமும் போன் எடுத்தான். கொழும்புக்கு வந்துவிடு என்பதுதான் பேச்சு.

"ரெண்டாவது மாடியில ஒரு ரூம்பு. மருமக வேலைக்குப் போயிரும், அவன் கடைக்குப் போயிருவான். நான் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றாள் சிவகாமி. "எனக்கு வேணாங்க. கை மட்டும் ஆறிட்டாப் போதும்."

கை ஆறினால் மலை, ஆறாவிட்டால் கொழும்பு. அவளுடைய நிலைமை அவ்வளவுதான்.

அது விலையெல்லாம் எட்டாத உயரத்துக்கு ஏறிய நேரம்; கடையில் நல்ல சவர்க்காரம் என்று ஏதாவது இருந்தால் எடுத்து விலையைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டு வருகிற காலம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

"கவலப்படாத, நான் செஞ்சு தாறேன்" என்றேன். அதுவரை நான் சவர்க்காரம் செய்ததே இல்லை.

எனக்கு எங்கிருந்து வந்த தைரியம்

பிறவியிலேயே வந்தது. வேறென்ன சொல்ல?

எங்கள் டிவிசனில், கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்வை பார்க்கிற கங்காணி வேலைக்கு வந்த முதல் பெண் நான். அந்த வேலைக்கு நாலு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை என்னைக் கூப்பிட்டு, அறுபது பெண்களை மேய்க்க முடியுமா என்று கேட்டார். அவர்களை மேய்க்க வேண்டாம் ஐயா, வேலை வாங்கினால் போதும் என்றேன். மறுநாள், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கையில் கம்போடு நின்றேன். அந்தக் கம்பை ஒருநாளும் ஒருவர் மேலும் நான் ஓங்கியதில்லை. என் வாயே போதுமானதாக இருந்தது.

சிவகாமி என் கீழே வேலை செய்தவள். கங்காணியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், நான் வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிய பிறகு அக்கா என்று மாற்றிக்கொண்டாள்.

இருபது வருஷம் கங்காணியாக இருந்தவள் ஓய்வு பெற்றால் என்ன ஆகும்? வீட்டில் கோழிகளுக்கும் புருஷனுக்கும்தான் கஷ்டம். என் வீட்டுக்காரர் பொறுமைசாலி. அந்தப் போனையாவது பாரேன் என்று அவர்தான் சொன்னார். அப்படிப் பார்க்கப் போய்த்தான் சவர்க்காரம் செய்கிற வீடியோ வந்தது.

ஒன்று பார்த்தால் ஒன்பது வந்து நிற்கும். எல்லாவற்றையும் பார்த்தேன். விஷயம் எளிது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று தின்று சவர்க்காரமாகும். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினால் தோலுக்கு நல்லது. காஸ்டிக் மிஞ்சினால் தோலையே தின்னும். அதனால் அளவுதான் முக்கியம், கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும் என்று அந்த வீடியோக்காரப் பெண் மூச்சுக்கு மூச்சு சொன்னாள்.

நிறுக்கிறதா? இருபது வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு நிறுக்கச் சொல்லித்தர வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உறைந்த எண்ணெயும் ஹட்டன் முதலாளியும்

காஸ்டிக் சோடா வாங்க ஹட்டனுக்குப் போனேன். இரும்புக் கடை முதலாளி சிங்களவர். எதற்கு என்று கேட்டார். சவர்க்காரம் செய்ய என்று அவருடைய பாஷையிலேயே சொன்னேன். பாக்கெட்டைத் தராமல் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, கையுறை இருக்கிறதா, தண்ணீரில் இதைப் போட வேண்டும், இதில் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெரியுமா என்று ஒரு பரீட்சையே வைத்தார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் தந்தார். போகும்போது, முடிந்ததும் எனக்கும் ஒன்று கொண்டு வாருங்கள் என்றார். நல்ல மனுஷன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினேன். சிவகாமியும் வந்து உட்கார்ந்தாள். முதல் சிக்கல் எண்ணெய். வீடியோவில் எல்லாரும் எண்ணெயைச் சளசளவென்று ஊற்றுகிறார்கள். எங்கள் ஊர்க் காலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் மெழுகாக நிற்கிறது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. அடுப்போரம் வைத்து, சுடுதண்ணீரில் வைத்து, அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டினோம்.

அலுமினியச் சட்டி கூடாது, எவர்சில்வர்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். காஸ்டிக்கைக் கரைக்கும்போது ஆவி வரும், வெளியே வைத்துச் செய்ய வேண்டும் என்றும் தெரியும். மகள் கிறிஸ்மஸ் கேக்குக்காக வாங்கித் தந்த எலெக்ட்ரிக் தராசு வீட்டில் இருந்தது. எண்ணெய் ஒரு கிலோ. அதற்குக் காஸ்டிக் நூற்று அறுபத்தெட்டு கிராம். சிவகாமியை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே நிறுத்தேன்.

கலக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கூழ் போல் இறுகிவிட்டது. வீடியோவில் இதற்கு வெகுநேரம் பிடித்தது. என் கைராசி என்று சொல்லிக்கொண்டேன். ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி மூடினேன். மறுநாள் வெட்டும்போது ஓரமெல்லாம் உதிர்ந்தது.

"இது ஏங்க்கா சுண்ணாம்புக் கட்டியாட்டம் ஒடையுது?" என்றாள் சிவகாமி.

"நல்ல சோப்பு அப்பிடித்தான்" என்றேன்.

காய்ந்த பிறகு நாக்கு நுனியில் லேசாக வைத்துப் பார்க்க வேண்டும், சுருக்கென்றால் பாவிக்கக்கூடாது என்றும் வீடியோக்காரி சொல்லியிருந்தாள். சவர்க்காரத்தை யாராவது நக்குவார்களா என்று சிரித்துவிட்டு அதை மட்டும் செய்யவில்லை.

ஊரையெல்லாம் குறை சொன்ன இரண்டு வாரம்

பீலியில் நின்ற அந்தக் காலைக்குப் பிறகு சிவகாமி துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். இரண்டு மாதம் கொழுந்து எடுக்கவே கூடாது என்று துண்டு எழுதித் தந்திருந்தார்கள். மகன் அந்த வாரக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். அவள் அந்த இரண்டு மாதம் முடியும் வரை தவணை கேட்டாள்.

அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் மட்டும் சும்மா இருக்கவில்லை. எண்ணெயில் கலப்படம் என்றேன். இரும்புக்கடைக்காரர் பழைய பாக்கெட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்றேன். டிக்கோயாக் குளிருக்கு அந்த வீடியோ ஒத்துவராது என்றேன். ஒரு நாள் வாய் கூசாமல், உன் தோல் ரொம்ப மெல்லிசு என்று அவளிடமே சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஒருவரும் பார்க்காத நேரம் அந்தச் சவர்க்காரத்தை எடுத்து என் நாக்கு நுனியில் வைத்தேன். கரண்ட் அடித்தது போல் இருந்தது. காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது. எண்ணெய், கடை, குளிர், தோல் எதுவும் காரணமில்லை. அளவு பிழை. ஆனால் எப்படி? அளந்தவள் நானல்லவா?

மறுநாள் சிவகாமியின் காம்பராவுக்குப் போனேன். "இன்னொரு தடவ செய்யப் போறேன்" என்றேன். "ஒனக்குக் குடுக்க மாட்டேன். எங்க பெழ விட்டேன்னு எனக்குத் தெரியணும்."

அவள் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் வாறேன். இந்தத் தடவ நான் தள்ளி நிக்க மாட்டேன். நீங்க நிறுக்கிறதப் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றாள்.

ஜக்குக்கு ஐம்பது

மேசைமேல் தராசு. அதன்மேல் பிளாஸ்டிக் ஜக்கை வைத்தேன். பட்டனை அமுக்கினேன், பூஜ்யம் வந்தது. ஜக்கின் எடையைத் தராசே கழித்துவிடும், அதற்குத்தான் அந்தப் பட்டன். காஸ்டிக்கைக் கரண்டியால் அள்ளிப் போட்டேன். நூற்று அறுபத்தெட்டு காட்டியது.

"ஜக்குக்கு அம்பது போகும்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி அள்ளினேன்.

என் மணிக்கட்டைச் சிவகாமி பிடித்தாள். வெடித்த கைதான், ஆனாலும் இறுக்கமாகப் பிடித்தாள்.

"எதுக்குக் கழிக்கிறீங்க?"

"ஜக்கு எடைடி."

"அதத்தான் பட்டன அமுக்கி இல்லாம ஆக்குனீங்களே. பூஜ்யம் வந்துச்சே. நான் பாத்தேன்."

நான் தராசைப் பார்த்தேன். கரண்டியைப் பார்த்தேன். போன தடவையும் இதையேதான் செய்திருக்கிறேன். நூற்று அறுபத்தெட்டைப் பார்த்ததும் வாய் தானாகக் கழித்திருக்கிறது. கழித்ததற்கு ஈடாகக் கை தானாக அள்ளிப் போட்டிருக்கிறது. அந்த ஐம்பது கிராம்தான் அவளுடைய கையைத் தின்றது.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வது என் வேலை, அதை எழுதுவது கணக்கப்பிள்ளையின் வேலை. முள் காட்டுவதை அப்படியே சொல்ல முடியாது. சாக்குக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டும். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும் என்று இன்னும் ஒரு கிலோ. பதினெட்டு என்று முள் காட்டினால் என் வாய் பதினாறு என்று சொல்லும். நாளுக்கு மூன்று தடவை, அறுபது பேருக்கு, இருபது வருஷம்.

அந்தப் பழக்கத்தில் வந்த பிழைதான் என்று சிவகாமியிடம் விளக்கினேன். கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பிழை எங்கே என்று தெரிந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவள் சிரிக்கவில்லை.

வெயில் நாள்

"மழ நாளு சரி" என்றாள். "வெயில் நாள்லயும் ஈரத்துக்குக் கழிச்சீங்களே, அது?"

நான் தராசின் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

"ஒரு தடவ பங்குனி மாசம், மண்ணெல்லாம் வெடிச்சுக் கெடக்கு, செடியில சொட்டுத் தண்ணியில்ல. நீங்க ரெண்டு கழிச்சீங்க. நாள் கணக்குக்கு ஒரு கிலோ கொறையுதுன்னு அன்னைக்கு எனக்கு அரைப் பேரு போட்டாங்க. நாள் முழுக்க நின்னதுக்கு அரை நாள் சம்பளம். நான் ஒங்களப் பாத்தேன். நீங்க அடுத்த சாக்கப் பாத்தீங்க."

துரை சொன்னது, ஆபிஸ் சட்டம், எனக்கும் மேலே ஆள் இருந்தார்கள் என்றெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். பல வருஷமாகத் தயாராக இருந்த பதில் அது. ஆனால் சிவகாமி இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. துணிக்கு வெளியே நீட்டியிருந்த விரல்கள் பட்ட இடத்தில் சொரசொரவென்று இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மை இதுதான். வெயில் நாளில் கழிக்கச் சொல்லி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் கங்காணியான புதிதில் ஒரு நாள், மலையில் நாங்கள் சொன்ன எடைக்கும் ஃபெக்டரியில் நிறுத்த எடைக்கும் வித்தியாசம் வந்தது. பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் எனக்கு ஏச்சு விழுந்தது. பெண்ணை வைத்தால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஃபெக்டரியில் குறையவே கூடாது என்று முன்கூட்டியே நான் ஒரு கிலோ கூடுதலாகக் கழித்து வைத்தேன். மழையோ வெயிலோ, எல்லாருக்கும். என்னை மறுபடி ஒருவரும் ஏசவில்லை. கெட்டிக்காரக் கங்காணி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைத் தங்கள் தலையில் சுமந்து தந்தவர்கள் அந்த அறுபது பெண்கள்.

இதைத்தான் சிவகாமியிடம் சொன்னேன். கோயிலில் பாதரிடம் எத்தனையோ பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இதை ஒருநாளும் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு? சொல்லி முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

"மன்னிச்சிரு சிவகாமி" என்றேன்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா?" என்றாள். மணிக்கட்டை விட்டுவிட்டு, கரண்டியில் இருந்த காஸ்டிக்கைத் தானே கவனமாகப் பாக்கெட்டுக்குள் தட்டினாள். "இப்ப இதக் கரைங்க, எண்ண ஒறஞ்சிரப் போகுது."

சிவகாமி கையால்

இரண்டாவது சவர்க்காரம் லேசில் இறுகவில்லை. கை மாற்றி மாற்றிக் கலக்கினோம். அவள் துணிக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டாள். மறுநாள் வெட்டியபோது உதிரவில்லை. ஆறு வாரம் காயவைத்தோம். நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுருக்கென்று எதுவுமில்லை. ஒரு வாரம் நான் மட்டும் பாவித்தேன். அதற்குள் ஆஸ்பத்திரி மருந்திலும் ஓய்விலும் சிவகாமியின் கை பாதிக்கு மேல் ஆறியிருந்தது. கொடுக்கலாமா என்று எனக்குப் பயம். அவளே எடுத்துக் கழுவினாள். கழுவிவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு வேலைக்குப் பெயர் கொடுக்கப் போனாள்.

சவர்க்காரம்தான் ஆற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். மறுபடி வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறது, அது போதும். மகன் இப்போது போனில் கொழும்புப் பேச்சை எடுப்பதில்லை. அடுத்த லீவுக்கு வரும்போது நாலு சவர்க்காரம் எடுத்து வைக்கச் சொல்கிறான். ஹட்டன் முதலாளிக்கும் ஒன்று போய்விட்டது.

இப்போதெல்லாம் நிறுப்பது சிவகாமி, கலக்குவது நான். அவள் சொல்கிற எடையை நான் திரும்பக் கேட்பதில்லை.

ஆனால் அவள் சொன்ன அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அறுபது பேரில் சிலர் இன்று இல்லை. சிலர் கினிகத்தேனைப் பக்கம், வட்டகொடைப் பக்கம் என்று மகள்மார் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். எல்லார் வாசலுக்கும் போய் நிற்க எனக்குக் கால் பலமில்லை. தைரியமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் இந்தப் பத்திரிகை லயங்களுக்குப் போகிறது. ஒருவர் வாங்கினால் பத்துக் காம்பரா படிக்கிறது.

அதனால் இதை எழுதினேன். எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன் சிவகாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். அவள் சவர்க்காரத்தைக் காலண்டர் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு தடவை மட்டும், "பங்குனி மாசத்தச் சொன்னேனே, அது இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

முடிந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். "ஒன் பேர மாத்திப் போடவா?" என்று கேட்டேன். "லயத்துல எல்லாரும் படிப்பாங்களே."

சிவகாமி சுற்றிய சவர்க்காரத்தைக் கீழே வைத்தாள்.

"எம்பேர எதுக்கு மாத்தணும்? கழிச்சது நானா?" என்றாள்.